நாலு பிராசசரும் ஒரு திறப்பு விழாவும்

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்கு வேலை போகப்போகிறது என்று கட்டிடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என்ன குற்றம் என்று விசாரித்துவிட்டுப் பேசியது நான் மட்டும்தான். அவள் செய்தது இதுதான்: கீபோர்டில் ஒன்று என்ற எண்ணை அடித்து, என்டரைத் தட்டினாள். ஒரு பிக்பாக்கெட்காரனுக்குக்கூட அதைவிடக் கூடுதல் உழைப்பு உண்டு.

நான் அவளுக்கு நேர் கீழ் வீடு. மேலே நாற்காலி நகர்ந்தால் இங்கே தெரியும். யார் நகர்த்தியது, கோபமாகவா சாதாரணமாகவா என்பது வரைக்கும் தெரியும். இதை ஒட்டுக்கேட்பது என்று சிலர் சொல்வார்கள். கட்டியவன் சிமென்டில் மிச்சம் பிடித்ததற்கு நான் காதை அடைத்துக்கொள்ள முடியுமா?

பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் வேலை. சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவளும் அம்மாவும் மட்டும். அந்த அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. அதே ஆஸ்பத்திரியில் தினமும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். "ஒரு நாள் விட்டா, நோய்க்கு ஒரு நாள் லீவு குடுத்த மாதிரி. விடவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் ஆஸ்பத்திரி மாடியில் வேலை பார்க்க வேண்டியிருந்ததால் கீழே அம்மாவோடு வரிசையில் உட்காருவது நான். உதவிக்குத்தான். ஆஸ்பத்திரி வரிசையில் ஊர்ச் செய்தி அத்தனையும் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

கதிர்வீச்சு அறை திறக்க வேண்டுமென்றால் அன்றைக்குக் காலையில் கவுன்ட்டரில் பதிவு உறுதியாக வேண்டும். நம் முறை நேரத்துக்குள் உறுதியாகாவிட்டால் அன்றைய சிகிச்சை போச்சு. கவுன்ட்டர் திரையிலோ ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"சர்வர் சுத்துதும்மா, கொஞ்சம் உக்காருங்க" என்பாள் கவுன்ட்டர்க்காரி.

"அது சுத்தட்டும், எனக்குத்தான் தலை சுத்துது" என்று அந்த அம்மா உட்கார்ந்துகொள்வார். இப்படியே சிகிச்சை இரண்டு தடவை தவறியது. இரண்டாவது தடவை திரும்பும்போது அந்த அம்மா ஆட்டோக்காரரிடம் பேரம்கூடப் பேசவில்லை. அவ்வளவு பேசுகிற மனுஷி.

அன்று சாயங்காலம் மாடிப்படியிலேயே பெண்ணை மடக்கினேன். "உன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு என்னடி வியாதி?"

"அக்கா, அது நெஜக் கம்ப்யூட்டரே இல்ல."

"இத்தனை நாளா இல்லாத கம்ப்யூட்டர் முன்னாடியா நாங்க கால் கடுக்க நின்னோம்?"

"அப்படி இல்ல. ஒரு பெரிய மெஷின் இருக்கு. அதுக்குள்ள நிறைய கம்ப்யூட்டர் குடித்தனம் பண்ணுது. ஒவ்வொண்ணும் முழு வீடும் தனக்குத்தான்னு நெனச்சுட்டிருக்கு. புக்கிங் கம்ப்யூட்டரும் அதுல ஒரு குடித்தனம். வேலை பாக்கற மூளைன்னு அதுக்கு இருந்த நாலு பிராசசர் போதல. வீட்டுக்காரர் மாதிரி மேல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அது செவுத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து இன்னும் நாலு பிராசசரை உள்ள தள்ளிடுச்சு. கம்ப்யூட்டரை நிறுத்தக்கூட இல்ல. ஓடும்போதே."

"நாம குடியிருக்கும்போதே ரூம் கட்டித் தர்ற வீட்டுக்காரரா? அவர் அட்ரஸைக் குடு முதல்ல."

அவள் சிரிக்கவில்லை. "தள்ளி ரெண்டு மாசம் ஆச்சுக்கா. இன்னும் ஆன் பண்ணல. சும்மா நிக்குது."

அப்புறம் அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒரு நிர்வாகி இருக்கிறது. எந்த வேலை எந்தப் பிராசசருக்கு என்று பிரித்துக் கொடுப்பது அதுதான். அது பிராசசர்களை மூன்று விதமாகப் பார்க்குமாம். என்றைக்காவது வரக்கூடியவை ஒன்று. வந்து சேர்ந்துவிட்டவை இரண்டு. வேலை பார்ப்பவை மூன்று. வந்துவிட்டதாலேயே எதுவும் வேலைக்குச் சேர்ந்ததாகிவிடாது. ஆன் பண்ணு என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஓர் ஒன்றை அடித்தால் போதும்; நிறுத்த ஒரு பூஜ்யம். வழக்கமாக அந்த ஒன்றையும் கம்ப்யூட்டரே தானாகப் போட்டுக்கொள்ளும்படி ஒரு வரி எழுதி வைத்திருப்பார்களாம். அந்த வரியைத்தான் இயக்குநர் எடுக்கச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் என்றால் கணினிப் பிரிவின் தலைவர். எத்தனையோ பேர் வந்து போனபிறகும் அதே நாற்காலியில் அப்படியே இருப்பவர். பெண் வேலைக்குச் சேர்ந்த வாரமே அவர் அவளிடம் சொன்னாராம்: "தானா வந்து, தானா உக்காந்து, தானா வேலை பாக்கறதா? நான் சேர்ந்தப்போ நாலு மாசம் வராந்தாவுல நின்னேன். என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சவர் யாருன்னு இன்னிக்கும் சொல்லுவேன். கூப்பிடாம உக்கார்றதுக்குப் பேர் ஒழுங்கீனம்."

அதனால் பிராசசர்கள் வராந்தாவில் நின்றன.

அவற்றைக் கூப்பிட்டு உட்கார வைக்க ஒரு திறப்பு விழா ஏற்பாடாகியிருந்தது. பெரிய இடத்திலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர் வந்து என்டரைத் தட்டுவார். அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. ஒரு தடவை வெளியூர், ஒரு தடவை ஜலதோஷம். அவருக்கு வந்த ஜலதோஷத்தில் இங்கே கதிர்வீச்சு நின்றது.

இடைப்பட்ட நாட்களை நிர்வாகம் வீணாக்கவில்லை. நடைமுறை அதிகாரி என்று ஒரு அம்மாள். இயக்குநர் சொல்வதற்கெல்லாம் விதி எண் கண்டுபிடித்துத் தருவது அவர் வேலை. ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேரும் எவருக்கும் உடல் தகுதிச் சான்று கட்டாயம், ஆகவே பிராசசர்களுக்கும் வேண்டும் என்றார். அவற்றுக்கு உடம்பே இல்லை என்றாள் பெண். ஒரு வாரம் யோசித்து, "உடல் இல்லை, ஆகவே குறைபாடு எதுவும் காணப்படவில்லை" என்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கினார்கள். பிறகு, விழாவுக்கு முன் யாரும் தொட்டுவிடக் கூடாதென்று மெஷின் அறை வாசலில் ஒரு காவலாளியைப் போட்டார்கள்.

"மேடம், நான் எதைக் காவல் காக்கணும்?" என்று அவர் கேட்டார்.

"நாலு பிராசசரை."

"எங்க இருக்கு?"

"அது கண்ணுக்குத் தெரியாது. யாரையும் தொட விடாதீங்க, போதும்."

அவர் நல்ல மனிதர். எதற்கும் இருக்கட்டும் என்று ஏசி பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அது காணாமல் போகாமல் இன்றுவரை பத்திரமாக இருக்கிறது.

பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் இயக்குநரிடமே போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு ஒண்ணு. நானே போட்டுடறேன். கீழ வரிசை வாசலைத் தாண்டி நிக்குது."

"வெறும் ஒண்ணா அது?" என்றார் இயக்குநர். "உக்காரும்மா. நீ சின்னப் பொண்ணு. பிராசசர் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. அதுலயும் இது நெஜப் பிராசசர்கூட இல்ல. கண்ணுக்கே தெரியாத ஒண்ணை விழா இல்லாம திறந்தா, நாம ஏதோ செஞ்சோம்னு யார் ஒத்துக்குவாங்க? கல்வெட்டு எங்க வைக்கறது? ஜனங்களுக்கு வேகம் மட்டும் போதாது. வேகத்தை யார் குடுத்தாங்கன்னு தெரியணும்."

"ஜனங்க கதிர்வீச்சுக்கு நிக்கறாங்க சார்."

"நிக்கட்டும். அப்போதான் விழா அன்னிக்கு அவங்களுக்கு அருமை தெரியும்."

இதை அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்து சொன்னாள். எனக்கோ மறுநாள் காலை ஆகட்டும், அந்த ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று இருந்தது. அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் வட்டம் மறுபடி சுற்றியது. எங்கள் நேரம் நெருங்க நெருங்க அந்த அம்மா கழுத்துத் துணியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். நான் போனை எடுத்தேன்.

"இன்னிக்கும் போகுதுடி. உங்கம்மா முகத்தைப் பாக்க முடியல."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுவது கேட்டது. பிறகு, "அக்கா, போனை வெச்சிடாதீங்க" என்றாள். டக்கென்று ஒரு சத்தம். பிறகு மூன்று டக், பிராசசருக்கு ஒன்றாக.

கவுன்ட்டர் திரையில் வட்டம் நின்றது.

கெர்னல் அப்போது உள்ளே என்ன செய்தது என்று அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கேயும் படிப்படியாக நடைமுறை உண்டாம். புதிதாக வரும் பிராசசருக்கு முதலில் தனியாகக் கொஞ்சம் நினைவிடம் ஒதுக்கும், கடிகாரம் கொடுக்கும், வேலைகள் வந்து நிற்க ஒரு வரிசை போட்டுக் கொடுக்கும், எழுப்பி, தயாரா என்று கேட்கும், அப்புறம்தான் வேலை. நடுவில் ஏதாவது ஒரு படி சரியாக அமையாவிட்டால், கொடுத்ததையெல்லாம் வரிசையாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, முன்பிருந்த மாதிரியே வைத்துவிடும். எல்லாம் கண் இமைப்பதற்குள். எங்கள் ஆஸ்பத்திரியிலும் அத்தனை படிகள் உண்டு. கெர்னலிடம் ஒவ்வொரு படியிலும் ஒரு வேலை நடக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

கவுன்ட்டர்க்காரி பயந்துவிட்டாள். "என்னாச்சு? தட்டினதும் வருதே! கெட்டுப்போச்சா?"

"கெட்டதெல்லாம் இத்தனை நாளா. நீ பேரை அடிம்மா" என்றேன் நான்.

அந்த அம்மா உள்ளே போனார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மதியத்துக்குள் பெஞ்சு காலி.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். காவலாளி காவல் காத்துக்கொண்டிருந்தார். பதிவுக் கூடத்தில் வரிசை இல்லாமல் போனதை இயக்குநர் கவனித்தார், ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசவும் செய்தார்: "நோயாளிகள் குறைஞ்சுட்டாங்க. நம்ம நிர்வாகத்தோட பலன் ஜனங்க உடம்புலேயே தெரிய ஆரம்பிச்சிருக்கு." கைதட்டினார்களாம்.

அப்புறம் சிறப்பு விருந்தினருக்கு ஜலதோஷம் சரியாகி, தேதி கிடைத்தது. ஒத்திகைக்காக நடைமுறை அதிகாரி கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். எட்டு பிராசசர்களும் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கே விசாரணை. நீளமான மேஜை, ஒரு பக்கம் இயக்குநரும் அதிகாரியும் இன்னும் சிலரும், மறுபக்கம் இவள் ஒருத்தி. நடுவில் கீபோர்டு. குற்றத்துக்குப் பயன்பட்ட ஆயுதம்.

"யார் சொல்லிப் போட்டே?"

"யாரும் சொல்லல சார்."

"யாரும் சொல்லாம ஒரு வேலை எப்படி நடக்கும்?" இயக்குநருக்கு நிஜமாகவே புரியவில்லை. "இதை யார் பேர்ல எழுதறது?"

"என் பேர்ல எழுதுங்க."

"உன் பேர்ல எழுத விதி இல்லம்மா" என்றார் நடைமுறை அதிகாரி, வருத்தத்தோடு.

கடைசியில் இயக்குநர் ஒரு வழி சொன்னார். பெரிய மனசு பண்ணுவதாக அவருக்கு நினைப்பு. "போனது போகட்டும். விழா அன்னிக்குக் காலையில நீயே அந்த நாலையும் நிறுத்திடு. பதிவு மந்தமாகும், வரிசை சேரும். பதினோரு மணிக்கு அவர் வந்து தட்டுவார். வரிசை கரையும். போட்டோக்காரர் ரெண்டையும் எடுப்பார். உன் மேல நடவடிக்கை இல்ல."

"அந்த வரிசையில எங்கம்மா நிப்பாங்க சார். அன்னிக்குத்தான் அவங்களுக்குக் கடைசி கதிர்வீச்சு."

"அவ்வளவுதானே? அம்மா பேரை முன்னாடியே போட்டு உள்ள அனுப்பிடு. நான் பாத்துக்கறேன்."

இந்த இடத்தில்தான் அவளுக்குப் பயம் விட்டுப்போனதாம். "எங்கம்மாவுக்குப் பின்னாடி நிக்கறவங்க பேரை யார் போடுவாங்க? நிறுத்த மாட்டேன் சார். கீபோர்டு இங்கதான் இருக்கு. பூஜ்யம் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். நீங்களே அடிங்க."

கீபோர்டை மேஜையின் மறுபக்கம் தள்ளினாள்.

அதிகாரி அதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினார். அவர் அடுத்தவர் பக்கம். பூஜ்யம் அடித்தவர் பெயர் பதிவாகும். ஓடுகிற ஆஸ்பத்திரியை நிறுத்தியவர் என்று என்றைக்காவது யாராவது கேட்பார்கள். கீபோர்டு மேஜையைச் சுற்றி வந்து இயக்குநர் முன்னால் நின்றது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இதுல என்ன இருக்கு? குடுங்க. முதல் பிராசசர்லேர்ந்து ஆரம்பிக்கறேன்."

அவர் எண்ணியது திரையில் இருந்த பட்டியலின் மேலிருந்து. மேலே இருப்பது, கம்ப்யூட்டர் முதன்முதலில் எழும்போது எழுந்த ஆதிப் பிராசசர். அதை நிறுத்த கெர்னல் ஒப்புக்கொள்ளாது. அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. இயக்குநர் வாழ்நாளில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் பழக்கம், கேட்டதில்லை.

"என்ன இது?"

"அது எல்லாத்துக்கும் மூத்தது சார். மத்ததை எடுக்கலாம். அதை மட்டும் யாராலயும் அசைக்க முடியாது."

இயக்குநர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "பாத்தீங்களா?" என்றார் மற்றவர்களிடம். "மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்ற நாலின் பக்கம் கை போகவே இல்லை. "வரிசைக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம். இந்தப் பொண்ணு விஷயத்தை விழா முடிஞ்சு பாக்கலாம்."

வேறு ஏற்பாடு என்றால் நாங்கள்தான். ஊழியர்களின் உறவினர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் நோயாளிகளாக வந்து நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அழைப்பு இல்லாமலே போகிறவள் நான். அழைப்பும் வந்தால் விடுவேனா? இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். "இவ்வளவு பளபளன்னு யாராவது நோயாளி வருவாங்களா?" என்று நடைமுறை அதிகாரி கோபித்துக்கொண்டு, என் கையில் ஒரு கட்டுப் போட வைத்தார். என் பின்னால் நின்ற ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுநருக்குக் கட்டுத் துணி போதாமல், இருமச் சொன்னார்கள். பாவம், அவர் கடைசிவரை நிறுத்தவில்லை.

கீபோர்டுக்கு ரிப்பன் கட்டி, வெல்வெட் துணியில் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் எங்கள் பெண், கையைக் கட்டிக்கொண்டு. விழா முடிந்ததும் தன் கதை முடியும் என்று தெரிந்தும் தலை குனியவில்லை.

சிறப்பு விருந்தினர் வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். "உங்களுக்கு என்னம்மா உடம்புக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன் பழக்க தோஷத்தில். அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "அதாவது, நீங்க வந்துட்டீங்க, இனிமே ஒண்ணும் இருக்காதுங்க."

அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மைக்கில் என்னை மேற்கோள் காட்டினார்.

இயக்குநர் பேசினார். பிராசசர்களுக்காகத் தான் பட்ட பாட்டைச் சொன்னார். இவ்வளவு காலம் பொறுமையாகக் காத்திருந்ததற்காகப் பிராசசர்களைப் பாராட்டினார். பிறகு விருந்தினர் ரிப்பனை வெட்டி, ஒன்றை அடித்து, என்டரைத் தட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற பிராசசரை ஆன் பண்ணு என்று சொன்னால் கெர்னல் கோபிக்காது, கேலியும் செய்யாது. சரி என்று வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். திரையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"ஆயிடுச்சா?" என்றார் விருந்தினர். மைக் அவர் கையிலேயே இருந்தது.

அப்போது கதிர்வீச்சு அறைக் கதவு திறந்தது. எங்கள் மாடி வீட்டு அம்மா, கழுத்தைச் சுற்றித் துணியோடு, கடைசி சிகிச்சையை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இவ்வளவு கூட்டம்? இப்போதானே வந்தேன், ஒரு ஈ காக்கா இல்லையே! தட்டினதும் டோக்கன் வந்துதே!" என்னைப் பார்த்ததும், "அய்யோ, உனக்குக் கையில என்ன?" என்றார்.

ஓட்டுநர் இருமுவதை நிறுத்தினார்.

விருந்தினர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் பெண்ணைப் பார்த்து, பல்லைக் கடித்தபடி, "ஆயிடுச்சுன்னு சொல்லும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். அவள் வேலையும் தப்பியிருக்கும்.

அவள் விருந்தினரிடம் கை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஆயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு சார். நான்தான் போட்டேன். இங்க நிக்கறவங்க யாரும் நோயாளி இல்ல. நோயாளிங்க எல்லாரும் சிகிச்சை முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாங்க."

கூடத்தில் முதலில் கைதட்டியது யார் என்று பிற்பாடு ஒரு விசாரணை நடந்தது. கையில் கட்டுப் போட்டவர் தட்டியிருக்க வழியில்லை என்று என்னை விட்டுவிட்டார்கள்.

அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. அதற்கு, அவள் ஒரு வேலை செய்தாள் என்று முதலில் எழுத வேண்டும். எழுதினால் விருந்தினர் செய்யவில்லை என்றாகிவிடும். கல்வெட்டு வேறு பதித்தாகிவிட்டது. ஆகவே தண்டனையாக, பின்கட்டிடத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தினமும் வந்து உட்கார வேண்டும். எதையும் தொடக் கூடாது.

நேற்று சாயங்காலம் பெண்ணைப் படியில் பார்த்தேன். அவள் அம்மாவுக்கு இப்போது பழையபடி வாயாடுகிற அளவுக்குத் தொண்டை தேறியிருக்கிறது. "புது இடம் எப்படிடி?" என்றேன்.

"அங்கயும் பிராசசரை உள்ள தள்ளி வெச்சிருக்காங்க அக்கா. ஆன் பண்ணல. விழாத் தேதி பாத்துட்டிருக்காங்களாம்."

"வரிசை?"

"கேட் வரைக்கும்."

 படியேறும்போது விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டே போனாள். ரத்தப் பரிசோதனை பாக்கி இருப்பவர்கள் அடுத்த வாரம் போனால் போதும், உட்காரக்கூட நேரம் இருக்காது என்று கட்டிடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.